மூன்றெழுத்துச் சொல்லுக்கு மூன்று கிலோ அகராதி

பக்கத்துச் சில்லறைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கிலோ தொள்ளாயிரம் காட்டியது. "என்னக்கா, பருப்போட பருப்பா போட்டுருவமா?" என்று கடைத் தம்பி சிரித்தான். கண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் 1,800 ரூபா கொடுத்து வாங்கிய ஆங்கில–தமிழ் அகராதி அது. கணக்குப் போட்டால் கிலோ 620 ரூபா வருகிறது. பருப்பை விடக் கூட, நெத்தலிக் கருவாட்டை விடக் குறைவு.

அகராதிக்கு அட்டை இல்லை. முதல் பன்னிரண்டு பக்கமும் இல்லை. ஆகவே யார் தொகுத்தது, எந்த ஆண்டு அச்சிட்டது என்று எதுவும் தெரியாது. இதை வாசித்துவிட்டு அதே அகராதியைத் தேடிக்கொண்டு யாரும் போக முடியாது. ஆனால் எந்த அகராதியாக இருந்தாலும் 'செட்' (set) என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை வைத்து, கடையில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் சோதித்துப் பார்க்க ஒரு வழி எனக்குப் பிடிபட்டிருக்கிறது. அது பிடிபட்ட விதம் கொஞ்சம் வெட்கமானது. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

மலைநாட்டில், தலவாக்கலையில் சின்னதாக ஒரு கொமியுனிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், டைப்பிங், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுப் படிவம், அடையாள அட்டைப் படிவம் எல்லாம் பலகையில் எழுதியிருக்கும். பலகையில் எழுதாத ஒரு வேலைதான் அதிகம் நடக்கிறது. கடிதம் வாசித்துச் சொல்வது. தேயிலைத் தோட்டத்திலிருந்து கடிதத்தை மடித்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு வருவார்கள். "அதுல என்னா போட்டிருக்குனு பாரு புள்ள" என்பார்கள். சிங்களக் கடிதம் என்றால் எனக்குப் பயமில்லை. ஆங்கிலம்தான் இடிக்கும். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு 'சி' எடுத்தவள் நான். அதை வைத்துக்கொண்டு பதினோரு வருஷமாகக் கடை நடக்கிறது.

போன வருஷம் ஒரு மாமா வந்தார். சொந்தம் இல்லை, அம்மாவோடு ஒரே மலையில் வேலை செய்தவர், அந்த முறையில் மாமா. அவருடைய சேவைக் காலப் பணத்துக்கு வழக்கு. தொழில் நியாய சபையில் அவர் பக்கம் உத்தரவாகி, மறுதரப்பு மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்திருந்தது. தீர்ப்பின் பிரதி ஆங்கிலத்தில் ஆறு பக்கம். நான் நேராகக் கடைசிப் பந்திக்குப் போனேன். நியாய சபையின் உத்தரவு 'செட் அசைட்' செய்யப்படுகிறது என்று இருந்தது. அந்த வரியைப் போனில் இருக்கிற மொழிபெயர்ப்புச் செயலியில் தட்டினேன். 'உத்தரவு ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது' என்று வந்தது. உத்தரவே பணம் கொடுக்கச் சொல்லித்தானே? "மாமா, ஒங்க காச ஒதுக்கி வச்சிட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் வெளியே போய்க் கால் கிலோ மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

எட்டு நாள் கழித்து நுவரெலியாவில் சட்டத்தரணியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தார். சத்தம் போடவில்லை. கதவடியில் நின்றபடி, "அதுக்கு வேற அர்த்தமாம் புள்ள" என்றார். அவ்வளவுதான்.

காசை 'செட் அசைட்' செய்தால் அது பத்திரமாக ஒரு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். தீர்ப்பையோ உத்தரவையோ 'செட் அசைட்' செய்தால் அதை இரத்துச் செய்தாயிற்று, இனி அது செல்லாது என்று பொருள். சொல்லில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை, கூடவே நிற்கிற சொல் மட்டும் மாறியது. மாமாவின் காசு அதிலே போனது. சரி, காசு போனது தீர்ப்பால்தான், என்னால் இல்லை. ஆனால் அந்த எட்டு நாள் சந்தோஷம் நான் கொடுத்த கடன்.

பெரிய சொற்களுக்குப் பயப்படத் தேவையில்லை என்பது அன்றைக்குப் புரிந்தது. கிராட்டுவிட்டி, ஜூரிஸ்டிக்ஷன், ரெட்ரெஞ்ச்மன்ட் எல்லாம் பார்க்கத்தான் பயில்வான்கள். ஒருமுறை பொருள் தெரிந்துவிட்டால் எந்தக் கடிதத்தில் வந்தாலும் அநேகமாக அதே ஆள்தான். செட், ரன், புட், டேக் மாதிரி, பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் படிக்கிற சொற்கள்தான் காலை வாரும். அகராதி வாங்குவது என்று முடிவெடுத்தபோதே, எந்த அகராதியை எடுத்தாலும் 'செட்' இருக்கிற பக்கத்தைத்தான் முதலில் திறப்பது என்று நினைத்துக்கொண்டேன்.

கண்டிக் கடையைப் பற்றி இரண்டு வார்த்தை. குறுகலான கடை. முன்னால் முழுக்கப் பழைய பரீட்சை வினாத்தாள்கள். தமிழ் சம்பந்தப்பட்டதெல்லாம் கடைசியில், கீழ்த் தட்டில். லைட் போதாது, போன் டோர்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. முதலாளி சிங்களவர், வயதானவர். தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்தத் தமிழ்ப் புத்தகம் எந்த அடுக்கில் என்று அட்டையின் நிறத்தை வைத்தே சொல்கிறார். அட்டையில்லாத இதை மட்டும் அவரும் மறந்துபோயிருந்தார், நானாகத்தான் கண்டெடுத்தேன். 2,200 என்றார். பக்கம் இல்லாததைக் காட்டினேன், 1,800க்கு வந்தார். வாங்கினால் திருப்பி எடுக்கமாட்டார், முதலிலேயே சொல்லிவிடுகிறார். மலைநாட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றதும் கேட்காமலே இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டித் தந்தார். கடைக்கு முழு மார்க்.

அந்தத் தட்டில் மூன்று அகராதிகள் இருந்தன. சட்டைப் பைக்குள் போகிற சின்னது 'செட்'டுக்கு வை, அமை, கூட்டம் என்று மூன்று சொல் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது. இரண்டாவது கொஞ்சம் தாராளம், பதினெட்டுப் பொருள் கொடுத்தது. 'செட் அசைட்' இருந்தது, 'ஒதுக்கி வை' என்று மட்டும். அதைப் படித்ததும் மஸ்கட் ஞாபகம் வந்தது, மூடி வைத்தேன். மூன்றாவதுதான் இந்தத் தலையணை.

இதில் 'செட்' மூன்று பத்தி ஓடுகிறது. விரலால் தொட்டு எண்ணினேன். வினையாக 63 தமிழ்ச் சொல், பெயராக 28. வை, இடு, நாட்டு, பதி, நிறுவு, உறை, இறுகு, அஸ்தமி, கூர் தீட்டு, எலும்பைப் பொருத்து, பொறி வை, பாட்டுக்கு இசை அமை, வினாத்தாள் தயாரி… எல்லாம் காற்புள்ளி போட்டு ஒரே வரிசையில். எதற்கும் உதாரணம் இல்லை. பிரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தியது மாதிரி நிற்கின்றன. யார் எந்த வேலைக்கு என்று கணக்கப்பிள்ளை வந்து சொன்னால்தான் தெரியும். ஆனால் கீழே தடித்த எழுத்தில் சொற்றொடர்கள் தனியாக இருக்கின்றன. 'செட் அசைட்' என்று தேடினேன். 'ஒதுக்கி வை, புறக்கணி, (சட்.) தள்ளிவிடு, இரத்துச் செய்.'

அந்த 'சட்.' என்ற இரண்டெழுத்துச் சுருக்கத்துக்குத்தான் 1,800 ரூபாவும் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டத் துறையில் இந்தப் பொருள் என்று எச்சரிக்கிற சுருக்கம் அது. செயலிக்கு ஒரு நல்ல பழக்கமும் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. நல்லது, உடனே பதில் சொல்லும். கெட்டது, ஒரே பதில் சொல்லும். சந்தேகம் என்பதே அதன் முகத்தில் தெரியாது. அகராதி நான்கு பதிலைக் காட்டி, நீ யோசி என்று விட்டுவிடுகிறது. கடை நிறைய ஆள் நிற்கும்போது அது எரிச்சல்தான். ஆனால் மஸ்கட் தின்ன வைக்காது.

ஒரு சின்னச் சொல்லுக்குள் எப்படி இத்தனை பொருள் புகுந்தது என்று இராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறேன். பிறகு தேடி வாசித்ததில் ஒரு விஷயம் பிடித்தது. 'சிட்' என்றால் இரு, உட்கார். அதன் பிறவினைதான் 'செட்'. உட்கார வை, இருத்து. திருந்து–திருத்து, ஆடு–ஆட்டு என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே சங்கதி. இருத்து என்று நினைத்துக்கொண்டு அந்த 63 சொல்லையும் திரும்பப் படித்தால் பாதிக்கு மேல் தானாக வழிக்கு வருகின்றன. வினாத்தாளை இருத்து, பொறியை இருத்து, மணிக்கூட்டை ஏழில் இருத்து, விலகின எலும்பை அதன் இடத்தில் இருத்து. ஆறு கோப்பை ஒரு செட் என்கிறோமே, அது வேறு வழியாக வந்தது. அந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனில் கூட்டம், பிரிவு என்ற பொருளுடைய ஒரு சொல்லும் மூதாதை. இரண்டு குடும்பம் ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், குடியிருந்து, ஒரே வாசற்படியைப் பாவித்து, கடைசியில் ஒரே குடும்பம் என்று ஊரார் நினைத்துக்கொண்ட கதை.

இன்னொன்று. ஆங்கிலத்தில் தன்வினைக்கும் பிறவினைக்கும் பெரும்பாலும் உருவம் மாறுவதில்லை. சூரியன் செட் ஆகிறது, சீமெந்து செட் ஆகிறது, நான் மேசையை செட் பண்ணுகிறேன், எல்லாவற்றுக்கும் அதே மூன்றெழுத்து. இறந்த காலத்துக்கும் அதுதான். பெயராகவும் அதுதான். தமிழில் ஒரு எழுத்தை அழுத்தினால் ஆள் மாறிவிடுகிறான், இறந்த காலத்துக்குத் தனி உருவம் வந்துவிடுகிறது. அவர்களுக்கு ஒரே சட்டையைத்தான் கல்யாணத்துக்கும் மலைக்கும் போட வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தின் பெரிய அகராதியான ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியில் 1989ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு 20 தொகுதி. அதில் மிக நீளமான பதிவு 'செட்'தான். வினைச்சொல்லுக்கு 430 பொருள், பதிவு 60,000 சொல். அட, ஒரு நாவலுக்குப் போதும். அந்த அகராதியின் முதல் பதிப்புக்காக 1879இலிருந்து உழைத்த ஜேம்ஸ் மறே 1915இல் இறந்தார். 'டி' (T) எழுத்தில் தொடங்கும் சொற்களில் நின்றிருந்தது அவர் வேலை. முழுதாக முடிந்தது 1928இல்தான். பிறகு இணையத்தில் திருத்திப் போடத் தொடங்கியபோது 'செட்'டின் மகுடம் போய்விட்டது. 2011இல் 'ரன்' என்ற வினைக்கு 645 பொருள் என்று எண்ணியிருந்தார்கள். இயந்திரம் வந்த பிறகு 'ரன்' வளர்ந்தது நியாயம்தான். ரயில் ஓடுகிறது, தேயிலை ஸ்டோரில் ரோலர் ஓடுகிறது, கம்பியூட்டரில் புரோகிராம் ஓடுகிறது. 'செட்' கைவேலைக்காரரின் சொல், 'ரன்' என்ஜின்காரரின் சொல் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் சொந்தக் கற்பனை, யாரும் பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்.

'ரன்'னையும் தலையணையில் பார்த்தேன். இரண்டரைப் பத்தி, 'செட்'டை விடக் குறைவு. அதை வைத்தே இது பழைய புத்தகம் என்று சொல்லலாம் போலிருக்கிறது. கம்பியூட்டர் சம்பந்தமாக ஒன்றுகூட இல்லை. ஆனால் 'ரன்'னில் நாம் அதிகம் தடுக்கி விழமாட்டோம், ஏனென்றால் நம்முடைய 'ஓடு' கிட்டத்தட்ட அதே பாதையில்தான் ஓடியிருக்கிறது. பஸ் ஓடுகிறது, படம் ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, மனசு எங்கேயோ ஓடுகிறது. என் கடைக்கு வருகிறவர்கள்கூட "எப்படிக்கா, கடை ஓடுதா?" என்றுதான் கேட்பார்கள். ஏதோ ஓடுகிறது என்பேன். ஆனால் கடையை நான் ஓட்டுகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள், நடத்துகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். பஸ்ஸை ஓட்டலாம், கடையை நடத்தலாம், கேஸை நடத்தலாம். காசு தீர்ந்துபோவதற்கும் ஆங்கிலத்தில் 'ரன்' வரும். நமக்குக் காசு ஓடுவதில்லை, கரைகிறது.

தீபாவளி வந்தது. வட்ஸ்அப்பில் ஒரு அறிவித்தலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள், எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். தீபாவளி முற்பணம் கிடைத்தவர்களுக்கு ஆங்கிலத்தில் நான்கு வரி. முற்பணம் அடுத்த மாதங்களின் சம்பளத்துக்கு எதிராக 'செட் ஓஃப்' செய்யப்படும் என்று இருந்தது. பையன்கள் ஏற்கெனவே அதைச் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். செயலி சொன்னது: 'முற்பணம் சம்பளத்திற்கு எதிராகப் புறப்படும்.' "அக்கா, எங்க காசு எத்தன மணி பஸ்ஸுல பொறப்படுதாம்?" என்று ஒருவன் கேட்டான். கடை முழுக்கச் சிரிப்பு.

தலையணையில் 'செட் ஓஃப்' பார்த்தேன். புறப்படு, வெடிக்க வை, எடுப்பாகக் காட்டு, (வணி.) ஈடுசெய், கழித்து நேர்செய். இந்த முறை 'வணி.' காப்பாற்றியது. ஆனால் இவற்றில் எது என்று முடிவெடுக்க இன்னொரு புத்தகத்தின் உதவி தேவைப்பட்டது. மகள் பாடசாலையில் பரிசாக வாங்கின ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்று, மாணவர்களுக்கானது, சின்ன எழுத்து. அதில் சொல் தனியாக இல்லை. ஒன்றை இன்னொன்றுக்கு எதிராக 'செட் ஓஃப்' செய்வது என்று, பக்கத்தில் எந்தச் சொல் வர வேண்டும் என்பதோடு ஒரு வாக்கியமும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அறிவித்தலில் இருந்த வரிசையும் அதுவும் அச்சாகப் பொருந்தின. அப்புறம் தலையணைக்குத் திரும்பி 'கழித்து நேர்செய்' என்பதை எடுத்துக்கொண்டேன். பையன்களிடம் சொல்லும்போது அதையும் விட்டுவிட்டேன். "சம்பளத்துல பிடிப்பாங்கடா" என்றேன். "அதானே, புடிக்காம விடுவாங்களா" என்று போய்விட்டார்கள். பிடித்தம் என்ற சொல் சம்பளத் துண்டிலேயே இருக்கிறது. அகராதி போட்ட ஆளுக்குத் தோட்டச் சம்பளத் துண்டைப் பார்க்கிற வாய்ப்பு இருந்திருக்காது.

ஆக இப்போது என் முறை இதுதான். முதலில் தலையணை, பொருள் எத்தனை வகை என்று பார்ப்பதற்கு. பிறகு சின்ன ஆங்கில–ஆங்கிலம், இந்த வாக்கியத்தில் எந்த வகை என்று பார்ப்பதற்கு. கடைசியில் செயலி, ஆள் அவசரப்படுத்தினால். ஒரு கடிதத்துக்கு இருபது நிமிடம் போகிறது. அதற்குக் காசு வாங்குவதில்லை, போட்டோ கொப்பிக்குத்தான் வாங்குகிறேன், ஆகவே வியாபாரமாகப் பார்த்தால் இந்த அகராதி எனக்கு நட்டம்.

குறை சொல்லாமல் விட்டால் விமர்சனம் ஆகாது. சாதாரண தரம் படிக்கிற மகள் ஒருநாள் கணக்குப் புத்தகத்தோடு வந்து, ஆங்கிலத்தில் கணிதம் படிக்கிற சிநேகிதியின் கொப்பியில் 'செட்' என்று இருக்கிறது, அது தமிழில் என்ன பாடம் என்று கேட்டாள். தலையணையைத் திறந்து பெருமையாக, "கணம்" என்றேன். "அப்படி ஒரு பாடமே இல்ல அம்மா." உண்மைதான். இங்கே அரசாங்கப் பாடநூலில் அது 'தொடை'. கணம் என்பது இந்தியாவில் பாவிக்கிற சொல். தொடைகள் என்ற பாடத்தின் தலைப்பைப் பார்த்து வகுப்பே சிரிக்குமாம், நாங்கள் படித்த காலத்திலும் சிரித்தோம். தொடுத்தது தொடை. பூமாலையும் தொடை, செய்யுளில் எதுகை மோனையும் தொடை. கணிதத்துக்கு அந்தச் சொல்லைத் தேர்ந்தவர் நல்ல தமிழ் அறிந்தவராக இருந்திருக்க வேண்டும். ஆனால் வகுப்பில் முப்பது பிள்ளைகளில் ஒருவருக்கும் மாலை ஞாபகம் வராது. எப்படியோ, அட்டையில்லாத புத்தகத்தின் ஊர் எது என்பதற்கு அந்தக் 'கணம்' ஒரு தடயம்.

இதைவிட மனசில் நின்றது வேறு. 'செட்' முடிந்த கையோடு சும்மா 'லைன்' என்ற சொல்லையும் பார்த்தேன். கோடு, வரி, வரிசை, கயிறு, தூண்டில் நூல், இருப்புப்பாதை, வம்சம், தொழில்துறை, போர்முனை… நாற்பதுக்குக் கிட்ட இருக்கிறது. வரிசை வீடு இல்லை. அந்த ஆங்கிலச் சொல்லைத்தான் நாங்கள் லயன் என்றும், எழுதும்போது லயம் என்றும் சொல்கிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா (அறை), முன்னால் ஒரு இஸ்தோப்பு (திண்ணை), மேலே தகரம். நாற்பது பொருள் சொன்ன புத்தகத்தில் நான் பிறந்த வீட்டுக்கு இடம் கிடைக்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். நாற்பத்தோராவது.

எங்கள் பக்கத்துச் சொற்களை எந்த அகராதியில் தேடுவது? 'பேர்' என்றால் பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தில் ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். "இன்னைக்கு எனக்குப் பேர் இல்ல" என்று அம்மா சொல்லிக்கொண்டு வந்தால், அன்றைக்கு வீட்டில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவோம். கவ்வாத்து என்றால் எங்களுக்குத் தேயிலைச் செடியை வெட்டிவிடுவது. அதே சொல் வேறு இடத்தில் பட்டாளத்தின் அணிவகுப்புப் பயிற்சி.

ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒருநாள் காலையில் வீட்டில் எத்தனை தரம் 'வை' என்று சொல்கிறேன் என்று கவனித்துப் பார்த்தேன். சுடுதண்ணி வை. பருப்பு வை என்றால் சமை, ஆனால் பருப்பை வை என்றால் கையிலிருந்து கீழே வை. சாமிக்குப் பூ வை, நெத்தியில் பொட்டு வை. போனை வை என்றால் பேச்சை நிறுத்து. காசு கொஞ்சம் வை என்றால் செலவழிக்காதே. சின்னவளுக்குப் பேர் வைத்தது அம்மாயி. கொள்ளி வைப்பது, ஆசை வைப்பது, கண் வைப்பது, ஒளித்து வைப்பது, அழ வைப்பது. வைதாள் என்றால் திட்டினாள். போதாததற்குத் தொல்காப்பியம் 'வையே கூர்மை' என்று இன்னொரு பொருள் சொல்கிறது. ஒரு வெள்ளைக்காரப் பெண் கடையில் நின்று தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றை 'வை'யை வைத்துச் சோதித்தால் அவளும் என்னைப் போலத்தான் தலையைச் சொறிவாள். (இந்த வாக்கியத்தில் வந்த 'வைத்து'க்கு அவள் என்ன செய்வாள்?)

நம் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராவது தொகுதி முழுக்க ஒரு சொல் பல பொருள்தான். எதுகை வரிசையில் செய்யுளாக இருப்பதால் மனப்பாடம் செய்துவிடலாம். எங்கள் தமிழ் வாத்தியார் அரி என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, திருமால், சிங்கம், குரங்கு, தவளை, பகைவன் என்று அடுக்கிக்கொண்டே போவார். தவளையில் எல்லோரும் சிரிப்போம். எந்த அரி எங்கே வரும் என்று கேட்டால், "செய்யுளைப் படிடா, அது சொல்லும்" என்பார். சின்ன ஆங்கில–ஆங்கில அகராதி செய்வதும் அதைத்தான்.

புத்தகத்தின் உடல்நிலை: தாள் பழுப்பு, ஆனால் ஒடியவில்லை. தைத்த கட்டு, ஒட்டியது இல்லை, அதனால் மேசையில் விரித்தால் விரித்தபடி கிடக்கிறது. எழுத்து சின்னது, நாற்பது தாண்டியவர்களுக்குக் கண்ணாடி வேண்டும். முன்னே வைத்திருந்தவர் 'லீவ்', 'நோட்டீஸ்', 'டிஸ்மிஸ்' ஆகிய சொற்களுக்கு மட்டும் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார். என்ன வேலை செய்தாரோ, என்ன ஆனாரோ. மார்கழி, தை மாதங்களில் மூடுபனி கடைக்குள்ளேயே வந்து உட்காரும், தாள் எல்லாம் நமத்துப்போகும். போட்டோ கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தச் சூட்டில் காய்ந்துகொள்கிறது. மெசினுக்கு நல்லதா என்று கேட்காதீர்கள்.

மாமா போன மாதம் வந்தார், ஊழியர் சேமலாப நிதிப் படிவம் ஒன்று நிரப்ப. தலையணையைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பெருசா?" என்றார். 'செட்' பக்கத்தைத் திறந்து, 'சட்.' இருக்கிற இடத்தை விரலால் காட்டினேன். அவருக்கு வாசிக்க வராது. கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துவிட்டு, "இதுலயும் அப்படித்தான் போட்டிருக்கா?" என்று கேட்டார். அப்படித்தான் மாமா என்றேன். படிவத்துக்குக் காசு வாங்கவில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. முன்பக்கம் இல்லாவிட்டால் பரவாயில்லை, நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், என் புத்தகத்தில் 'ஸ்வெட்டர்' தொடங்கி 'ஸ்விம்' வரை ஒரு தாள் கிழிந்து போயிருக்கிறது. கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார். போகட்டும், தலவாக்கலையில் ஸ்வெட்டருக்கு யாரும் அர்த்தம் கேட்டு வருவதில்லை.